போத்தல் கண்ணீர்: ஏழு மாசம் பாவிச்ச பிறகு எழுதிறன்

பாமசியில போய் "செயற்கைக் கண்ணீர் இருக்கோ?" எண்டு முதல் நாள் கேக்கேக்க எனக்கே சிரிப்பு வந்திட்டுது. வன்னியில இருந்துகொண்டு கண்ணீரைக் காசு குடுத்து வாங்குவன் எண்டு ஆர் நினைச்சது? கவுண்டரில நிண்ட பெடியன் சிரிக்கேல்லை. "எத்தினை சதவீதம் அம்மா?" எண்டு கேட்டான்.

டொக்டர் தந்த துண்டில எழுதியிருந்தது கார்பொக்சிமெதைல் செல்லுலோஸ் 0.5 சதவீதம். நீங்களும் வாங்கப் போனால் அந்தப் பேரைத்தான் பாருங்கோ. பெட்டியின்ர நிறமும் கொம்பனியும் மாசத்துக்கு மாசம் மாறும், உள்ளுக்கு இருக்கிறது ஒண்டுதான். அதாலதான் நான் கொம்பனிப் பேர் எழுதேல்லை. 10 மில்லிலீற்றர் போத்தல். ஒரு சாறிச் சட்டை தைச்சுக் குடுத்து நான் வாங்கிற கூலியை விட விலை கூட. அதை முதலே சொல்லிப்போடுறன்.

நான் விசுவமடுவில தைக்கிறன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சாறிச் சட்டை, கோயில் திருவிழா வந்தால் பாவாடை தாவணி. வயசு 52. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஊசியில நூல் கோக்க ஏலாமல் போச்சு. வெள்ளெழுத்தாக்கும் எண்டு கண்ணாடி மாத்தினன். மாத்தியும் கண்ணுக்குள்ள மண் விழுந்த மாதிரி உறுத்தல். காலமை எழும்பேக்க இமை கண்முழியில ஒட்டிக்கொண்டு கிடக்கும். சோளகம் வீசத் தொடங்கினால் பரந்தன் முல்லைத்தீவு றோட்டுப் புழுதி முழுக்க என்ர வீட்டுக்கதான் வரும். ஆரிட்டச் சொன்னாலும் "காத்துக்குத்தான்" எண்டிச்சினம். நானும் காத்துக்குத்தான் எண்டு தாய்ப்பால், இளநீர், பன்னீர் எல்லாம் விட்டுப் பாத்தன். தயவுசெய்து நீங்கள் ஒண்டும் விடாதேங்கோ. டொக்டர் அதைக் கேட்டுட்டு என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கேல்லை.

கண் கிளினிக்கில ஒரு சோதினை செய்தவை. வடிகட்டுற கடதாசி மாதிரி ஒரு மெல்லிய கீலம். அதின்ர நுனியை மடிச்சுக் கீழ் இமைக்குள்ள கொழுவி விட்டிட்டு, "அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ" எண்டு சொன்னா மிஸ். ஷேர்மர் சோதினை எண்டு பேராம். கடதாசி எத்தினை மில்லிமீற்றர் நனையுது எண்டு பாக்கிறது. நல்ல கண்ணெண்டால் 10க்கு மேல போகும், 5க்குக் கீழ எண்டால் கண் காஞ்சு போச்சு எண்டு கணக்கு. எனக்கு வலக்கண் 3, இடக்கண் 2. பக்கத்துக் கதிரையில இருந்த ஒரு அம்மாவுக்குக் கடதாசி முழுக்க நனைஞ்சு கன்னத்தால வழிஞ்சுகொண்டு இருந்தது. பரீட்சையில பக்கத்து மேசைக்காரி கூட எழுதினால் வருமே ஒரு எரிச்சல், அதுதான் வந்தது.

பிறகு இரத்தம் எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்து, "தண்ணி குடிக்காமல் பிஸ்கட் விழுங்குவீங்களோ?" எண்டு டொக்டர் கேட்டார். ஏலாது. கொஞ்ச நாளா இடியப்பமும் சொதி இல்லாட்டில் இறங்கிறேல்லை, ஆனால் அதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நான் யோசிக்கவே இல்லை. ஷோகிரன் எண்டு ஒரு வருத்தம். சுவீடனில ஒரு கண் டொக்டர், ஹென்றிக் ஷோகிரன், 1933இல இதை விளக்கமா எழுதினபடியால் அவற்ற பேர். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரரே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் எதிரி எண்டு நினைச்சு அடிக்கினமாம். இந்த வருத்தக்காரர் பத்துப் பேரை எடுத்தால் ஒன்பது பேர் பொம்பிளையளாம்.

இனிச் சாமானுக்கு வாறன்.

விட்ட உடன குளிரும். அந்த முதல் அரை நிமிஷத்துக்கு முழுப் புள்ளியும் குடுப்பன். உறுத்தல் போகும், நூல் தெரியும், ஊசிக் கண் தெரியும். ஆனால் விட்ட உடன கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அந்த நேரத்தில மெசினை மிதிக்காதேங்கோ. நான் மிதிச்சு ஒரு பிள்ளையின்ர கொலரைக் கோணலாத் தைச்சு, பிறகு அவிழ்த்துத் தைச்சனான். எனக்கு ஒரு துளி ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்டரை மணித்தியாலம் நிண்டு பிடிக்கும். தைக்கிற ஆக்கள் ஒண்டைக் கவனியுங்கோ. ஒரே இடத்தைப் பாத்துக்கொண்டு இருக்கேக்க நாங்கள் இமை கொட்டுறது குறைஞ்சு போகும். எனக்குச் சொல்லித் தந்த பிறகு, ஒரு சட்டைக் கை மூட்டி முடிக்கிற நேரம் முழுக்க நான் இமை கொட்டேல்லை எண்டதை நானே பிடிச்சன். இப்ப நூல் அறுக்கிற ஒவ்வொரு தரமும் வேணுமெண்டு கண்ணை மூடித் திறக்கிறன். அது மருந்தை விட மலிவு.

விடுற முறைதான் முக்கியம். முதல் ரெண்டு மாசம் நான் பாதிப் போத்தலைக் கன்னத்துக்குத்தான் குடுத்தன். அண்ணாந்து, கீழ் இமையை ஒரு விரலால இழுத்து, அந்தக் குழிக்குள்ள ஒரு துளி. ஒண்டுதான். கண் பிடிக்கக்கூடியது ஒரு துளிக்கும் குறைவு, போத்தலில இருந்து விழுகிற துளி அதை விடப் பெரிசு. ரெண்டாவது துளி எண்டால் அது கன்னத்தாலதான் ஓடும். இதை மனசில வைச்சிருங்கோ, கீழ ஒரு கதை வருது. விட்ட பிறகு மூக்கோரத்தில கண்ணின்ர உள்மூலையை ஒரு நிமிஷம் அமத்திப் பிடியுங்கோ. அதில ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதாலதான் கண்ணீர் மூக்குக்குள்ள இறங்கிறது. அழேக்க மூக்குச் சிந்துறோமே, அதில கண்ணீரும் இருக்கு. அமத்தாட்டில் உங்கட காசு தொண்டைக்குள்ள போகும்.

போத்தல் திறந்த 28 நாளில எறியவேணும், மருந்து மிச்சம் இருந்தாலும். எனக்குப் பெரிய வயித்தெரிச்சல் அதுதான். பழுதாகாமல் இருக்க அதுக்குள்ள ஒரு சாமான் போடுகினம். ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல விடுற ஆக்களுக்கு அந்தச் சாமானே கண்ணை எரிக்கத் தொடங்கும். அவைக்கு எண்டு அது கலக்காத சின்னச் சின்னக் குழாயள் இருக்கு. ஒரு குழாய் ஒரு தரத்துக்கு, விட்ட உடன எறியிறது. நல்ல சாமான், எரிவே இல்லை. ஆனால் அதுக்கு நான் கலியாணச் சட்டையள் தைக்கவேணும், பள்ளிக்கூடச் சட்டை தைச்சுக் கட்டாது. இரவுக்கு ஜெல் ஒண்டும் தந்தவை. அது பசை மாதிரி, விட்டால் லைற்றைச் சுத்தி வளையம் தெரியும். படுக்கேக்க மட்டும்.

இதுவரைக்கும் ஒரு சாதாரண மருந்துக் கதைதான். நான் எழுத வந்தது மற்றக் கதை.

எனக்கு அழுகை வருகுது, கண்ணீர் வாறேல்லை. ரெண்டும் வேற வேற எண்டது எனக்கு 50 வயசுக்குப் பிறகுதான் தெரிஞ்சது. நெஞ்சு குலுங்கும், தொண்டைக்குள்ள பாக்குத் துண்டு சிக்கின மாதிரி நிக்கும், குரல் உடையும், ஆனால் கன்னம் காஞ்சுபோய் இருக்கும். வெங்காயம் உரிச்சாலும் அப்பிடித்தான். வெங்காயத்தை வெட்டக் கிளம்புற ஆவி கண்ணில பட, கண் அதைக் கழுவத் தண்ணி விடவேணும். என்ர கண் எரியிறதை மட்டும் செய்யும். மகள் இதைத் தலைகீழா விளங்கிக்கொண்டு, "அம்மாவுக்குத்தான் கண்ணீர் வாறேல்லையே" எண்டு வீட்டு வெங்காயம் முழுக்க என்னட்டத் தள்ளிவிட்டவள். அப்ப பேரன் பிறந்து இருபது நாள், அவனும் வீடு அதிரக் கத்துவான், கண்ணில சொட்டுத் தண்ணி இல்லை. பிறந்த பிள்ளையளுக்கு முதல் கிழமையளில அப்பிடித்தானாம். நானும் அவனும் மாறி மாறிக் காய்ஞ்ச அழுகை அழுதுகொண்டு இருந்தம். இப்ப அவனுக்குக் கண்ணீர் வந்திட்டுது. என்னை விட்டிட்டுப் போட்டான்.

போன வருஷம் மச்சான் செத்தபோது, நான் பிரேதத்துக்குப் பக்கத்தில இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதன். எட்டாம் நாள், எட்டுச் செலவண்டு சமையலுக்கு நிக்கேக்க பின்னால ஒரு கதை: "உவவின்ர கண்ணில ஒரு துளி கண்டனீங்களே? கல்லு." வருத்தம் எண்டு சொல்லலாம். ஆனால் அடுப்படியில நிண்டுகொண்டு "எனக்குச் சுரப்பி வேலை செய்யிறேல்லை" எண்டு ஆருக்குச் சொல்லுறது? சொன்னாலும் நம்பவேணுமே.

மாசிமாசம் தர்மபுரத்தில சின்னம்மா போயிட்டா. அம்மாவுக்குப் பிறகு எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவ. இடம்பெயர்ந்து திரிஞ்ச நாளிலயும் தன்ர பையுக்குள்ள ஒரு மரச்சீப்பு வைச்சிருந்து, போற போற இடமெல்லாம் என்னை இருத்தி இழுத்தவ. அண்டைக்கு ஓட்டோவில போகேக்க காத்துக்குக் கண் நெருப்பா எரிஞ்சது. படலையடியில இறங்கி, ஓட்டோவுக்குப் பின்னால மறைஞ்சு நிண்டு மருந்தை எடுத்தன். கண் எரிவுக்குத்தான் எடுத்தன் எண்டு சத்தியம் பண்ணுவன். பந்தலுக்குள்ள பறை அடிக்குது, உள்ளுக்குப் பொம்பிளையள் ஒப்புச் சொல்லுகினம், என்ர கை நடுங்குது. ஒரு துளி விழ வேண்டிய இடத்தில மூண்டு விழுந்திட்டுது. ரெண்டு கன்னத்தாலயும் ஓடி நாடியால சொட்டுது. லேஞ்சியை எடுக்கப் போனன். பிறகு எடுக்கேல்லை. ஏன் எடுக்கேல்லை எண்டதுக்கு நான் சத்தியம் பண்ணமாட்டன்.

அப்பிடியே உள்ளுக்குப் போனன். வாசலில எங்கட பக்கத்து வளவு அக்கா. அவவுக்கும் எனக்கும் மூண்டு வருஷமாக் கதை இல்லை. வேலி அடைக்கேக்க அவையின்ர ஆக்கள் கதியாலை ஒரு அடி எங்கட பக்கம் போட்டவை. கிராமசேவகர் வந்து, அளந்து, போய், இன்னும் அது அப்பிடியே. அவ என்ர முகத்தைப் பாத்தா. பாத்திட்டு எழும்பி வந்து என்னை இறுக்கிப் பிடிச்சா. "அழு பிள்ளை, அழுதாத்தான் ஆறும்" எண்டா. அவவின்ர தோளில என்ர முகம். வேர்வையும் வெத்திலையும் கலந்த வாசம். என்ர நெஞ்சு அப்ப உண்மையாவே உடைஞ்சது. தண்ணி வரேல்லை. அவவின்ர சட்டையில பட்ட ஈரம் முழுக்க பாமசி ஈரம்.

இதைப் பற்றி நான் கனக்க யோசிச்சன். மகள் போனில தேடி வாசிச்சுக் காட்டினவள். 1872இல டார்வின், அழுகைக் கண்ணீரால ஒரு பிரயோசனமும் இல்லை, கண்ணில அடிபட்டால் தண்ணி வாற மாதிரி அதுவும் சும்மா வாறதுதான் எண்டு எழுதினவராம். பெரிய மனுசன்தான், ஆனால் அவர் எங்கட செத்த வீடுகளுக்கு வரேல்லை. அமெரிக்காவில ரொபேட் புரோவைன் எண்டவர் 2009இல ஒரு வேலை செய்திருக்கிறார். அழுகிற ஆக்களின்ர படத்தில இருந்து கண்ணீரை மட்டும் கொம்பியூட்டரால அழிச்சுப்போட்டு, முகத்தை அப்பிடியே விட்டு ஆக்களுக்குக் காட்டினவர். கண்ணீர் போன முகத்தைப் பாத்தவைக்குக் கவலை குறைவாத் தெரிஞ்சுதாம். சில முகங்கள் கவலையோ, யோசினையோ, குழப்பமோ எண்டே விளங்கேல்லையாம். இதைக் கேட்ட உடன எனக்கு மச்சான்ர எட்டுச் செலவு அடுப்படிதான் ஞாபகம் வந்தது. கண்ணீர் அழிச்ச படம் நான்தான்.

"அழுதால் உடம்பில இருக்கிற நஞ்சு வெளியில போகும்" எண்டு போனில ஓடித் திரியுது, அதை நான் நம்பேல்லை. வில்லியம் ஃப்ரேய் எண்டவர் 1981இல வெங்காயக் கண்ணீரையும் கவலைக் கண்ணீரையும் தனித்தனியாச் சேர்த்துப் பாத்து, கவலைக் கண்ணீரில புரதம் கூட எண்டு சொன்னது உண்மை. ஆனால் எவ்வளவு அழுதாலும் ஒரு தேக்கரண்டி வருமோ? நஞ்சு போறதெண்டால் மூத்திரத்தால போறது கனக்க. அழுத பிறகு மனம் ஆறுறதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லையாம். பக்கத்தில ஒராள் வந்து தேத்தினால்தான் கூட ஆறுதாம், தனிய இருந்து அழுதோ, ஆக்கள் ஏளனம் பண்ண அழுதோ எண்டால் கூடப் பாரம்தானாம். இது எனக்கு ஆய்வு இல்லாமலே தெரியும்.

இன்னொண்டு சிரிப்பு. இஸ்ரேலில வைஸ்மன் நிறுவனத்தில, 2023இல வெளிவந்த ஆய்வு. பொம்பிளையள் கவலையில அழுத கண்ணீரை ஆம்பிளையளுக்கு மணக்கக் குடுத்து விளையாட்டு ஒண்டில விட்டுப் பாத்தால், மற்றவனைப் பழிவாங்கிற ஆவேசம் நாப்பது வீதத்துக்கு மேல குறைஞ்சுதாம். மூக்குக்கு ஒரு மணமும் தெரியாதாம், ஆனால் வேலை செய்யுமாம். அதுக்கு ஒப்பிட்டுப் பாத்தது வெறும் உப்புத் தண்ணி, அது ஒண்டும் செய்யேல்லை. என்ர போத்தலும் அந்த வகைதான். என்ர மனுசனில நான் ஏழு மாசமாப் பாக்கிறன், ஒரு வீதமும் குறையேல்லை.

இதில எனக்குப் பிடிக்காத பக்கமும் ஒண்டு இருக்கு. கிளிநொச்சியில கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர தாய்மார் 2017 மாசி 20இல போராட்டமாக் குந்தத் தொடங்கினவை. பாமசிக்குப் போக அந்தப் பக்கத்தாலதான் போறது. படம் எடுக்க வாற ஆக்கள், ஒரு தாய் சும்மா இருந்து வெத்திலை போடேக்கயோ மற்றவவோட கதைச்சுச் சிரிக்கேக்கயோ கமராவைத் தூக்கிறதை நான் காணேல்லை. பிள்ளையின்ர படத்தைக் கையில குடுத்திட்டு, கண் நனையுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பினம். நனைஞ்ச உடன கிளிக், கிளிக். ஒரு மனுசி எத்தினை வருஷத்துக்கு அப்பிடிக் கேட்ட நேரத்தில சுரந்து குடுக்கிறது? சுரப்பி காஞ்ச எனக்கு, அந்தத் தாய்மாரைப் பாக்கேக்க என்ர வருத்தம் ஒரு சலுகை மாதிரித் தெரியும். ஆரும் என்னட்ட அதைக் கேக்க ஏலாது.

மே 18க்கு முள்ளிவாய்க்காலுக்குப் போகேக்க போத்தல் கொண்டு போறேல்லை. கடல் காத்துக்குக் கண் எரியும்தான். கஞ்சியை வேண்டிக்கொண்டு குந்தினால், அங்க ஆரும் ஆற்றையும் கண்ணைப் பாக்கிறேல்லை. எல்லாரும் கோப்பையைத்தான் பாத்துக்கொண்டு இருக்கினம்.

சரி, அக்காவின்ர கதை. சின்னம்மாவின்ர எட்டுச் செலவு முடிஞ்சு ஒரு கிழமை நான் நித்திரை கொள்ளேல்லை. ஏமாத்தின மாதிரி ஒரு அந்தரம். கடைசியில வேலியடியில நிண்டு கூப்பிட்டுச் சொல்லிப்போட்டன், போத்தலையும் காட்டி. அவ கையில வாங்கி, தூரப் பிடிச்சு, கிட்டப் பிடிச்சு, எழுத்துக் கூட்டிப் பாத்தா.

"அட கோதாரி. அப்ப நான் போத்தலையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதனான்?"

"ஓம் அக்கா."

"நெஞ்சு குலுங்கினது?"

"அது நான்தான்."

அவ கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு மூடியைத் திருகிப் பூட்டித் தந்தா. "எனக்கும் ஒண்டு வேண்டித் தாவன் பிள்ளை. காணிக் கந்தோருக்குப் போகேக்க விட்டுக்கொண்டு போகலாம்."

எந்தக் காணி எண்டு நான் கேக்கேல்லை.

புள்ளி எண்டால், எரிவுக்கு அஞ்சுக்கு நாலு. நிண்டு பிடிக்கிறதுக்கு ரெண்டரை. விலைக்கு ஒண்டரை, அதுவும் அந்த 28 நாள் கணக்கால. என்னைப் போல வாயும் காயுது, மூட்டும் நோகுது எண்டால் பாமசியில நிக்காமல் முதல் கிளினிக்குக்குப் போங்கோ, இது கண்ணை நனைக்கும், வருத்தத்தை மாத்தாது. போத்தல் திறந்த அண்டே திகதியை அதின்ர அடியில பேனையால எழுதுங்கோ, பெட்டியில எழுதினால் பெட்டி துலைஞ்சு போகும். பிறிட்ஜில வைக்கத் தேவையில்லை, ஆனால் மெசின் மேசையில வெயில் படுற பக்கம் வைக்காதேங்கோ. என்ரயை இப்ப ஜன்னல் கட்டில வைச்சிருக்கிறன், வேலிப் பக்கம். கதியால் இன்னும் ஒரு அடி உள்ளுக்குத்தான் நிக்குது. நேற்று அதில முருங்கைக்காய் பிடுங்கினவ, அஞ்சு எனக்கும் வைச்சிட்டுப் போயிருக்கிறா.